கவுளிக்கு மேல் ஒரு வெற்றிலை

செபங்களின் வார்த்தைகள் என் காலத்திலேயே மாறிவிட்டன. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று நாக்குத் தேயச் சொல்லிப் பழகியவனை, இப்போது "அருள் நிறைந்த மரியே" என்று சொல்லச் சொல்கிறார்கள். சொல்கிறேன். பாதியில் பழசு எட்டிப் பார்க்கிறது. மாதா கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. ஆனால் எண்ணிக்கை மட்டும் மாறவில்லை, பாருங்கள். பத்து பத்துதான், அஞ்சு அஞ்சுதான்.

போன மாதம் உபதேசியார் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். கண்ணாடி போட்ட ஒரு தம்பி எழுந்து, "ஐயா, செபமாலையில வர்ற எண்களுக்கெல்லாம் அர்த்தம் இருக்குதுங்களா, இல்ல சும்மா எண்ணறதுக்குத்தானுங்களா?" என்று கேட்டார். சும்மாவா! எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அந்த எண்ணிக்கையால என் கல்யாணமே நிக்கப் பாத்துது தம்பி" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. அதற்குள் சாப்பாட்டு மணி அடித்துவிட்டது. சோறா கதையா என்றால் சோறுதானே ஜெயிக்கும்? போகும்போது அந்தத் தம்பி, "எழுதியாவது குடுங்க ஐயா" என்றார். எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஓமலூர்ப் பக்கம். தாத்தா காலத்திலேயே வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களான குடும்பம். நிலம் கிடையாது, நாலு எழுத்து தெரியும், குரல் கொஞ்சம் நன்றாக இருக்கும். அந்த மூன்றையும் பார்த்துவிட்டு, "இவனை உபதேசியாருக்குப் படிக்க வையுங்கள்" என்று யாரோ என் அப்பாவிடம் சொன்னார்கள். உபதேசியார் என்றால் சாமியாருக்குத் துணையாக ஊர் ஊராய்ப் போய் வேதம் சொல்லிக்கொடுப்பவர்; சேலத்தில் அதற்குப் படித்தேன். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் ஒன்றுமில்லை. கேள்வி பதில், கேள்வி பதில், இடையே களி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பதில் வரவேண்டும், வந்தது. முடித்ததும் நாமக்கல் பக்கம் ஒரு பிரெஞ்சுச் சாமியாரிடம் உதவிக்கு அனுப்பினார்கள். மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது.

தாடிச் சாமியார் என்றுதான் ஊரில் பெயர். ஆறடி உயரம், நெஞ்சுவரை தாடி. அங்கியை இடுப்பில் சொருகிக்கொண்டு சைக்கிளில் வருவார். தமிழைப் புதுச்சேரியில் ஒரு வயதான புலவரிடம் கற்றவர். அந்தப் புலவர் பேச்சுத் தமிழை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டுப் பாடம் நடத்தியிருப்பார் போலிருக்கிறது. எங்கள் சாமியார் துரத்திவரும் நாயிடம்கூட, "அப்பாற் செல்லும்!" என்று மரியாதையாகத்தான் சொல்லுவார். நாயும் குழம்பிப்போய் நின்றுவிடும். கொங்குச் சனம் பெரியவரையும் 'சாமி' என்னும், தொட்டில் குழந்தையையும் 'சாமி' என்னும். வந்த புதிதில் இவர் அதைக் கேட்டு, "உபதேசியாரே, இத்தேசத்தில் குருக்கள் இவ்வளவு பேரா?" என்று என்னிடம் கவலையாக விசாரித்தார்.

அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை. ஆனால் வளையவும் மாட்டார். ஞானஸ்நானம் கேட்டு வருகிறவர்களைச் சோதிப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முதலில் சிலுவை அடையாளம். பிறகு விசுவாச மந்திரம், பத்துக் கட்டளை. கடைசியாகச் செபமாலையில் ஒரு பத்து மணி, யார் துணையும் இல்லாமல் தானே முன்னின்று சொல்லவேண்டும். அப்போது சாமியார் கண்ணை மூடிக்கொள்ளுவார். வலது கை அங்கிப் பைக்குள் போய்விடும். உள்ளே அவருடைய செபமாலை இருக்கும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு மணியை நகர்த்துவார். தப்பு வந்தால் திட்டமாட்டார், இடது கையில் ஒரு விரலை மட்டும் மேலே தூக்குவார். அந்த ஒரு விரலுக்கு நான் பயந்தது மாதிரி போலீஸ்காரனுக்குக்கூடப் பயந்ததில்லை.

எண்கள் என்றால் அவருக்கு உயிர். செபமாலையில் பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து, அதை மூன்று சுற்றுச் சொன்னால் நூற்றைம்பது. எங்காவது சைக்கிளை நிறுத்தி இளைப்பாறினால் போதும், ஆரம்பித்துவிடுவார். "உபதேசியாரே, பத்து ஏன்?" என்பார். "கட்டளைகள் பத்து, சாமி." "ஐந்து ஏன்?" "ஆண்டவருடைய காயங்கள் ஐந்து." "பதினைந்து?" "சந்தோஷத்தில் ஐந்து, துக்கத்தில் ஐந்து, மகிமையில் ஐந்து, ஆக ஆண்டவர், மாதா வாழ்வின் தேவ இரகசியங்கள் பதினைந்து." "நூற்றைம்பது?" இதற்கு மட்டும் என் பதிலுக்குக் காத்திருக்கமாட்டார், அவரே சொல்லுவார். தாவீது அரசர் பாடின சங்கீதம் நூற்றைம்பது. மடத்துக்காரர்கள் அதை ஓதினார்கள். எழுத்துத் தெரியாத ஏழைச் சனம் என்ன செய்யும்? சங்கீதத்துக்கு ஒன்றாக, 'பிரியதத்தத்தினாலே' என்கிற மங்கள வார்த்தை மந்திரத்தை நூற்றைம்பது தரம் சொன்னது. "ஆகையால் இது வாசிக்கத் தெரியாதவர்களின் சங்கீத புத்தகம்" என்பார். சொல்லும்போது முகம் மலர்ந்துவிடும்.

அவர் என்னைப் பரமத்தி வேலூருக்குக் கிழக்கே காவேரிக் கரையில் ஒரு சிற்றூருக்கு அனுப்பினார். புதுக்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கொடிக்காலில் கூலி வேலை செய்கிற சில குடும்பங்கள் வேதத்தில் சேரவேண்டும் என்று கேட்டிருந்தன. கொடிக்கால் என்றால் வெற்றிலைத் தோட்டம். ஆண்கள் வெற்றிலை கிள்ளிக்கொண்டு வந்து கொட்டகையில் போடுவார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தரம் பார்த்து, எண்ணி அடுக்கி, நார் போட்டுக் கட்டுவார்கள். நூறு வெற்றிலை கொண்டது ஒரு கவுளி. கை எண்ணும், வாய் ஊர்க்கதை பேசும், ஒன்றை ஒன்று தொந்தரவு செய்யாது.

அந்த வட்டத்துக்குத் தலைவி பழனியம்மா. எல்லோருக்கும் பழனியக்கா. புருஷன் இல்லை, ஒரே மகள் செல்லாயி. பழனியக்கா சொன்னால் அந்தக் கொட்டகையில் மறுபேச்சு கிடையாது. நான் முதல் நாள் போய்ப் பாடம் ஆரம்பித்தபோது, "உபதேசியாரே, நாங்க கைய நிறுத்துனா கூலி நின்னுபோகும். நீங்க பாட்டுக்குச் சொல்லுங்க, நாங்க அடுக்கிக்கிட்டே கேக்கறோம்" என்றார். ஆளுக்கொரு செபமாலை கொடுக்க எங்களிடம் இல்லை. "அதுக்கென்னங்க, மணிக்குப் பதிலா வெத்தல இருக்குதே" என்று அதற்கும் அவரே வழி சொன்னார். ஒரு மந்திரத்துக்கு ஒரு வெற்றிலை. கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கும் தெரியுமா? பத்துப் பெண்கள் சேர்ந்தாற்போல் 'பிரியதத்தத்தினாலே' என்பார்கள், பத்து வெற்றிலை சளக் என்று விழும்.

எண்களுக்கு அர்த்தம் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்விகள் இருக்கிறதே, சேலத்தில் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. பதினைந்து இரகசியம் என்றதும், "வளர்பொறைக்கும் தேய்பொறைக்கும் பதினஞ்சு நாளுதானுங்க" என்றாள் ஒருத்தி. முழு மாலையில், தொடக்கத்தில் சொல்லும் மூன்றையும் சேர்த்து, நூற்றைம்பத்து மூன்று மணி, ஆண்டவருடைய சீடர் இராயப்பர் வலையில் விழுந்த மீனும் நூற்றைம்பத்து மூன்று என்றேன். பழனியக்கா கையை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, ஆத்துமீனை யாராச்சும் எண்ணுவாங்களா? கூடையிலதானுங்க அளப்பாங்க? எண்ணுனது யாரு?" என்றார். அடுத்த முறை சாமியாரிடம் கேட்டேன். அவர் தாடியை நீவிக்கொண்டு, "ஆச்சரியப்பட்டவன் எண்ணியிருப்பான்" என்றார். அந்தப் பதிலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "அப்பச் சரிங்க" என்று பழனியக்கா ஏற்றுக்கொண்டார்.

இதற்கிடையில் எனக்கும் செல்லாயிக்கும் பிடித்துப்போயிற்று. எப்படி என்று கேட்காதீர்கள், உபதேசியார் எழுதுகிற கட்டுரை இது. நான் ஏதாவது மந்திரத்தைத் தப்பாகச் சொன்னால் குனிந்த தலை நிமிராமலே சிரிப்பாள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்காகவே இரண்டு தரம் தப்பாகச் சொன்னேன். பழனியக்காவுக்குத் தெரியாமல் இருக்குமா? "உபதேசியாரே, மந்திரம் மறந்துபோச்சுங்களா, இல்ல மனசு மறந்துபோச்சுங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். எனக்குக் காது வரைக்கும் சூடு ஏறிவிட்டது. ஆனால் சம்மதித்துவிட்டார். சாமியாரும் சம்மதித்தார். ஞானஸ்நானம் ஆனதும் கல்யாணம் என்று முடிவாயிற்று.

சிக்கல் ஒன்று இருந்தது. பழனியக்காவின் தம்பி, செல்லாயிக்குத் தாய்மாமன், சங்ககிரிப் பக்கம் வண்டி மாடு வைத்துப் பிழைத்தவர். முறைப்பெண் தனக்குத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். "பங்குனி பொறக்கட்டும், வாரேன். அதுக்குள்ள நீங்க முடிச்சுப்போட்டாச் சரி. இல்லாட்டி நான் கூட்டிக்கிட்டுப் போயிருவேன்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவரையும் தப்புச் சொல்ல முடியாது, எனக்கு வாக்குக் கொடுத்த வீட்டிலேயே அவருக்கும் முன்பு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இதில் எனக்கு என்ன நெருக்கடி என்றால், பாஸ்கு என்கிற ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலம் முன்னால் நின்றது. தபசு காலத்தில் கோயிலில் கல்யாணம் கிடையாது. அது தொடங்குவதற்குள் ஞானஸ்நானம், கல்யாணம் இரண்டும் முடிந்தாகவேண்டும். பாஸ்கு வரைக்கும் தள்ளிப்போனால் மாமன் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

சோதிக்கும் நாள் வந்தது. கொட்டகையைப் பெருக்கிச் சாணி தெளித்து வைத்திருந்தார்கள். சாமியாருக்கு ஒரு முக்காலி. முதலில் ஒரு பெரியவரைக் கூப்பிட்டார். சிலுவை, விசுவாச மந்திரம், கட்டளை எல்லாம் தண்ணீர்பட்ட பாடு. செபமாலைக்கு வந்தார். சாமியார் கண்ணை மூடினார், கை பைக்குள் போயிற்று. பெரியவர் பத்தையும் சொன்னார். நான் நிம்மதியாக மூச்சு விடப் போகும்போது இன்னொரு தரம் 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்கினார். சாமியாரின் விரல் மேலே போயிற்று.

வாய் தவறியிருக்கும் என்று நினைத்தேன். அடுத்து வந்தவரும் பதினொன்று. அதற்கடுத்தவளும் பதினொன்று. கொட்டகையில் நானே முன்னின்று சொல்லும்போது பத்து முடிந்ததும் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' என்று முடிப்பு மந்திரத்தை உரக்க எடுத்துவிடுவேன். அந்தச் சத்தத்தில் அவர்களுடைய பதினோராவது அமுங்கிப்போயிருக்கிறது. தனித்தனியாகச் சொல்லவிட்டதும் வெளியே வந்துவிட்டது.

காரணம் என்ன என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கத்துக் கொட்டகையில் நூறு எண்ணி அடுக்கியதும் மேலே ஒரு வெற்றிலை வைக்காமல் கட்டமாட்டார்கள். எண்ணிக்கையை முழுசாக மூடிவிடக்கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். கல்யாண வீட்டில் மொய் வைத்தாலும் பத்தோடு ஒன்று சேர்த்துத்தானே வைக்கிறோம்? வெற்றிலை போட்டு மந்திரம் படித்தவர்களுக்குப் பத்து முடிந்ததும் கை தானாக இன்னொன்றுக்குப் போயிருக்கிறது, கூடவே வாயும் போய்விட்டது.

சாமியார் எல்லோரையும் உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். "பத்து என்பது கட்டளையின் எண். பதினொன்று என்பது கட்டளையைத் தாண்டுவது. ஆகையால் சபையின் பூர்வீக சாஸ்திரிகள் பதினொன்றைப் பாவத்தின் எண் என்றார்கள். உங்களில் எவருக்கும் பாவத்தின் எண் வேண்டாம் அல்லவா?" என்றார். சனம் பயந்துபோய், "வேண்டாமுங்க சாமி" என்றது. ஒவ்வொருவராகத் திரும்ப எழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டு பத்தோடு நிறுத்தினார்கள். செல்லாயியும் நிறுத்தினாள். அவள் நிறுத்தாமல் இருப்பாளா? பத்தாவது முடிந்ததும் வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

கடைசியில் பழனியக்கா. பத்துச் சொன்னார். நிறுத்தினார். நிதானமாகச் சாமியாரைப் பார்த்தார். பிறகு பதினோராவதையும் தெளிவாகச் சொல்லி முடித்தார்.

"அம்மா, பத்து" என்றார் சாமியார்.

"தெரியுமுங்க சாமி. பத்துச் சொல்லத் தெரியாம இல்லீங்க. பத்தோட நிறுத்த என்னால ஆகாதுங்க."

"இது மூடப் பழக்கம் அல்லவா?"

"என்னமோங்க. எனக்கு ஆகாதுங்க."

"அங்ஙனமாயின் ஞானஸ்நானம் தர இயலாது அம்மா."

"இல்லாட்டிப் போகுதுங்க" என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். செல்லாயி ஓடிப்போய் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாள உட்டுப்போட்டு நான் மட்டும் எப்படீங்க ஞானஸ்நானம் முழுகறது?" என்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாமியார் முன்னால் அழக்கூடாது என்று சைக்கிளைத் துடைக்கிற சாக்கில் வெளியே போனேன்.

அடுத்த சில நாள் நான் அந்தக் கொட்டகைக்கு நடந்த நடையில் செருப்புத் தேய்ந்துபோயிற்று. கெஞ்சினேன். கோபித்தேன். "இது சந்தைக் கணக்கில்லீங்க, வேதக் கணக்கு" என்று கத்தியும் பார்த்தேன். பழனியக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. "நீங்க ஏனுங்க கத்தறீங்க? சாமி வேண்டாம்னுட்டாரு, நான் சரின்னுட்டேன். யாரு பேர்லயும் எனக்கு வருத்தமில்லீங்க" என்றார். வருத்தமில்லையாம்! என் வருத்தம் யார் கணக்கில் சேரும்? செல்லாயி மூலையில் உட்கார்ந்து அடுக்கிய கவுளியையே பிரித்துப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் சிரிப்பே இல்லை. சங்ககிரி மாமன் வண்டிக்குப் புது வண்ணம் அடித்துவிட்டார் என்று வேறு யாரோ வந்து சொன்னார்கள். நல்ல செய்தி சொல்ல ஆள் கிடைக்காது, இதற்கு மட்டும் எங்கிருந்துதான் வருவார்களோ!

தபசு காலத்துக்கு முந்தின வாரம், நான் கூப்பிடாமலே சாமியார் வந்தார். வெயிலில் மிதித்து வந்ததில் முகம் செவசெவ என்றிருந்தது. நேராகக் கொட்டகைக்குள் போய் முக்காலியைத் தள்ளிவிட்டு, பழனியக்காவுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவ்வளவு நீளக் கால்களை மடக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்துப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கட்டி வைத்திருந்த ஒரு கவுளியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, இதில் எத்தனை?" என்றார்.

"நூறுங்க."

"மேலே உள்ள இந்த ஒன்று?"

"அது கணக்குல சேராதுங்க."

"பின் எதற்காக வைக்கிறீர்?"

பழனியக்கா அப்போதுதான் நிமிர்ந்தார். "நல்ல வெத்தலைன்னு பாத்துத்தானுங்க அடுக்கறோம். அப்படியும் உள்ளார ஒண்ணு ஓட்டையா இருக்கும், ஒண்ணு அழுகலா இருக்கும், நம்ம கண்ணுக்குத் தப்பியிருக்கும். காசு குடுத்து வாங்கறவன் ஊட்ல போய்ப் பிரிச்சுப் பாத்தா நூத்துக்கு ஒண்ணு கொறையுதில்லீங்களா? அதுக்கு ஈடா மேல ஒண்ணு."

பழனியக்கா தொடர்ந்தார்.

"மாதாவுக்குப் பத்துச் சொல்றேன் சாமி. பத்தும் நல்லதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? நாலாவது சொல்றப்ப அடுப்புல வெச்ச கூழு நெனப்பு வந்துருது. ஏழாவது சொல்றப்ப இந்தப் புள்ளய நெனச்சுக்கறேன். வாய்தான் சொல்லுது, மனசு அங்க இல்லீங்க. ஓட்ட வெத்தலயக் கலந்து குடுத்துப்போட்டு, இந்தாங்க தாயே பத்துன்னு எப்படிச் சொல்றது? கூசுதுங்க. அதுக்குத்தான் மேல ஒண்ணு."

"இதை அன்றே நீர் சொல்லியிருக்கலாமே" என்றார் சாமியார்.

"அன்னிக்கு நீங்க ஏன்னு கேக்கலீங்களே சாமி. பாவம்னுதானே சொன்னீங்க?"

சாமியார் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். பைக்குள்ளிருந்து செபமாலையை எடுத்தார். அதை வெளியே எடுத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான், மணியெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. "எனக்குக் கூழ் அல்ல. மிதிவண்டிச் சக்கரம்" என்றார். "நாலாவது மணியில் அதில் காற்று இருக்கிறதா என்று நினைக்கிறேன்." சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். பழனியக்காவும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஆனால் அவர் வளையமாட்டார் என்று சொன்னேன் அல்லவா? "பத்து பத்துதான் அம்மா. அதை மாற்ற எனக்கும் அதிகாரம் இல்லை. ஆனால் இதைப் பாரும்" என்று, மாலையின் சிலுவைப் பக்கத்தில் தனியாகத் தொங்குகிற அந்த மூன்று சின்ன மணிகளைக் காட்டினார். "ஐம்பது மணி செபமாலைக்கு ஏன் ஐம்பத்து மூன்று? இந்த மூன்றும் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் கேட்டுச் சொல்வது. நம்மிடத்தில் அவை குறைவாய் இருப்பதால் அல்லவா கேட்கிறோம்? ஓட்டைகளுக்கு ஈடாக இவற்றை வைத்துக்கொள்ளும். பத்துகளுக்கு முன் இவற்றைச் சொல்வதால் ஈட்டை முதலிலேயே கொடுத்துவிடுகிறீர்."

பழனியக்கா மாலையை வாங்கிப் பார்த்தார். மூன்று மணியையும் விரலால் தொட்டார். பிறகு சந்தையில் பேரம் பேசுகிற அதே முகத்தோடு, "பத்துப் பத்தா அஞ்சு இருக்குதுங்க சாமி. பத்துக்கு ஒண்ணுன்னா அஞ்சாச்சு. இங்க மூணுதான் இருக்குது. ரெண்டு கொறையுதுங்களே?" என்றார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கரையேறப் போகிற நேரத்தில் இந்தக் கணக்கு தேவையா? சாமியார் மணிகளையும் பழனியக்காவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அந்த இரண்டை நான் சொல்லுகிறேன்" என்றார்.

"எனக்காகவுங்களா?"

"உமக்காக."

"தெனமுமுங்களா?"

"தினமும்."

"மறந்துட்டீங்கன்னா?"

"மறுநாள் நான்கு."

"நல்லதாச் சொல்லோணுமுங்க சாமி. சக்கரத்த நெனச்சுக்கிட்டுச் சொல்லக்கூடாது."

"முயற்சி செய்கிறேன் அம்மா" என்றார் அந்த ஆறடி மனிதர், பரீட்சையில் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி.

பேச்சு முடிந்தது என்றால் எங்கள் பக்கம் வெற்றிலை மாற்றவேண்டும். பழனியக்கா நல்ல தளிர் வெற்றிலையாக இரண்டு பொறுக்கி, சுண்ணாம்பு தடவி, பாக்கு வைத்துச் சாமியார் கையில் கொடுத்தார். அவர் வாழ்நாளில் வெற்றிலை போட்டதில்லை. மறுக்கவும் தெரியாமல் வாயில் போட்டு மென்றார். துப்பத் தெரியவில்லை, விழுங்கவும் பயம். கொஞ்ச நேரத்தில் சாறு வழிந்து தாடி முழுக்கச் சிவந்துவிட்டது. "உபதேசியாரே, என் செய்வேன்!" என்று அவர் போட்ட கூச்சலில் கொடிக்காலுக்குள் இருந்த ஆண்களெல்லாம் ஓடிவந்தார்கள். எவ்வளவோ கழுவியும் அன்று மாலை செவ்வண்ணத் தாடியோடுதான் சைக்கிள் ஏறினார்.

அந்தச் சனிக்கிழமையே பழனியக்கா பத்தோடு நிறுத்தினார். நிறுத்தும்போது சாமியாரை ஒரு பார்வை பார்த்தார். சாமியார் தலையை ஆட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துத் தாய்க்கு அந்தோனியம்மாள் என்று பெயர் வைத்தார், மகளுக்கு மரிய செல்லம். கல்யாணத்தைக் கோயிலில் அறிவிக்கிற ஓலையை மூன்று ஞாயிறு வாசிக்க நேரமில்லை என்று ஒன்றோடு விட்டுக்கொடுத்தார். எண்ணிக்கையில் அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். தபசு காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின நாள் எனக்கும் செல்லாயிக்கும் கல்யாணம். சங்ககிரி மாமன் புது வண்ணம் அடித்த வண்டியில் வந்தார். என்னை முறைத்தார். பந்தியில் உட்கார்ந்து இரண்டு தரம் பாயசம் வாங்கிக் குடித்தார். போகும்போது செல்லாயியின் தலையில் கைவைத்து, "நல்லா இரு கண்ணு" என்றார். எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே போய்விட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர், எத்தனையோ சாமியார்கள். ஓமலூருக்கு மாற்றினார்கள், ஆத்தூர்ப் பக்கம் போனேன், திரும்பவும் காவேரிக் கரைக்கே வந்தேன். தாடிச் சாமியார் புதுக்கரைக்கு வரும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தும் முன்பே கொட்டகையைப் பார்த்து, "அம்மா, இரண்டும் ஆயிற்று!" என்று குரல் கொடுப்பார். "நல்லதாவுங்களா?" என்று உள்ளிருந்து பதில் கேள்வி வரும். சில நாள் "ஒன்று நல்லது" என்பார். இதைக் கேட்பதற்கென்றே வேலைக்கு வருகிற பெண்களும் இருந்தார்கள்.

பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போயிற்று, சேர்வராயன் மலைக்கு அனுப்பிவிட்டார்கள். யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு வருஷம், அங்கேயே இறந்துபோனார் என்று தகவல் வந்தது. மாமியாரிடம் எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. செல்லாயியைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போய் நின்றேன். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. சத்தம் போட்டு அழுதார். நானும் அழுதேன், அந்த முறை சைக்கிள் துடைக்கப் போகவில்லை.

கொஞ்சம் அடங்கியதும், "ஏனுங்க மாப்பிள்ளை" என்றார். "எனக்குன்னு இத்தன வருசம் தெனமும் சொன்னாரு. அவரு சொன்ன பத்துலயும் ஓட்ட இருந்திருக்கும்ல? வெய்யில்ல அலைஞ்ச மனுசன். அதுக்கு யாருங்க சொன்னாங்க?"

எத்தனையோ பேருடைய கேள்விக்குப் பதில் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான். அன்றைக்குச் செல்லாயியின் முகத்தைப் பார்த்தேன்.

மாமியார் மடியிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று ஆரம்பித்தார். ஒன்று முடிந்தது. இரண்டாவதும் முடிந்தது. அதோடு நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. செல்லாயியும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்துகொண்டோம்.